ஏழாம் இலக்கப் பவளம்

உன் டைவிங் உடுப்பை என் பல்கனிக் கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன். ரப்பரும் உப்பும் கலந்த அதன் நாற்றம் வீடு முழுக்க ஏறிவிட்டது. கீழே ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். காற்றடித்தால் உடுப்பின் கைகள் இரண்டும் ஆடுகின்றன. "என்ன மிஸ், ஆள் தொங்குற மாதிரி இருக்கு" என்று மேல் வீட்டுக்காரி நேற்றும் சொன்னாள். உள்ளே எடுத்துவைக்க எனக்கு மனமில்லை. உன்னோடு சண்டை பிடிப்பதற்கு இதைவிட்டால் வேறு என்ன இருக்கிறது?

உன் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த பிறகு உன் தம்பி கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் உன் பையைக் கொண்டுவந்தார். தேத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அக்கா ஆஸ்பத்திரியில இருக்கும்போதே சொன்னாங்க, இந்த பேக்க ஒங்ககிட்டதான் குடுக்கணும்னு. வேற ஒண்ணும் சொல்லல்ல" என்றார். டெங்குக் காய்ச்சலில் மூச்சு வாங்க வாங்க இதைத்தான் சொல்லியிருக்கிறாய். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நேரமெல்லாம் கன்ரீன் வடையைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தாய்.

பைக்குள் உன் மாஸ்க், இந்த உடுப்பு, தேய்ந்துபோன உன் பல்லுத் தீட்டும் பிரஷ். அடியில், கம்பியொன்றில் கோத்த ஒரு பிடி மஞ்சள் தகடுகள். மாட்டுக் காதில் குத்துகிற இலக்கத் தகடுகள்தான். கடலுக்குள் வேறெதுவும் தாக்குப்பிடிக்காது என்று, பவளங்களுக்கு நாம் அவற்றைத்தான் ஆணியடித்து மாட்டினோம். வருடா வருடம் அதே பவளங்களைப் படமெடுத்தால்தான் எது வாழ்கிறது, எது சாகிறது என்று தெரியும். மேலே இருந்தது ஏழாம் இலக்கம். மிச்சத் தகடுகள் போலும் என்று சிரித்துக்கொண்டே திருப்பினேன். பின்பக்கம் முழுக்கக் கடல் பொருக்கு. ஓரத்தில் ஒரு வெடிப்பு. முதல்நாள் என் சுத்தியல் தவறி விழுந்த வெடிப்பு அது. "பாவம்டி, மாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிக்காத" என்று நீ கரையேறியபின் சொன்னது நினைவிருக்கிறதா?

அப்படியானால், போன பருவத்தில் நான் படமெடுத்த ஏழாம் இலக்கம் எது? உயிரோடு, தேன் நிறத்தில் பளபளத்துக்கொண்டிருந்ததே, அதன் கழுத்தில் தொங்கிய தகடு எங்கிருந்து வந்தது?

எப்போதும் நீதான் முதலில் இறங்குவாய். துறைமுகக்காரர் வீட்டுப் பிள்ளை, உனக்குத் தண்ணீர் பயமில்லை. வெள்ளவத்தையில் கடலைப் பல்கனியிலிருந்து மட்டும் பார்த்து வளர்ந்த நான் படகைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் வருவேன். நான் வந்து சேர்வதற்குள் நீ தகட்டைத் தேடிப்பிடித்து, பிரஷால் பாசியைத் தேய்த்து, பவளத்தைச் சுற்றி அளவுச் சட்டத்தையும் வைத்திருப்பாய். நான் படமெடுப்பேன். இத்தனை வருடமும் நீ காட்டியதைத்தான் நான் எடுத்தேன்.

கடல் சூடேறிய அந்த வருடத்தை எடுத்துக்கொள். தகடு போட்ட பவளங்கள் எல்லாம் எலும்பாய் வெளிறிப்போயிருந்தன. மூளைபோல மடிப்பு விழுந்த பவளமான ஏழாம் இலக்கமும் வெள்ளை. மாஸ்க்குக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதை அன்றுதான் அறிந்தேன். திரும்பிவரும் ரயிலில் உன்னிடம் சொன்னேன்: "நான் அண்ணாவிட்ட கனடாவுக்குப் போறன். செத்ததுகளைப் படமெடுக்க எனக்கு ஏலாது." நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். வெள்ளவத்தையில் இறங்கும் சனம் எழும்பத் தொடங்கியபோதுதான் வாயைத் திறந்தாய். "அடுத்த தடவையும் ஒண்டா போய் பாப்போம். அதுக்குப் பொறகு போ."

அடுத்த தடவை, படகு பேசவேண்டும் என்று நீ எனக்கு முன்னமே தெற்கே, பவளக் கரைக்குப் போயிருந்தாய். நான் இறங்கினபோது வேறு சிலதோடு ஏழும் உயிரோடிருந்தது. கொஞ்சம் உருவம் மாறியிருக்கிறதே என்று தண்ணீருக்குள் கைச்சைகையால் கேட்டேன். கரையில் வைத்து, "ஒரு பக்கம் செத்து மற்றப் பக்கம் வளந்திருக்கு. அது பொழைச்சிட்டுதுடி" என்றாய். மணலில் உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அன்றிரவே அண்ணாவுக்குப் போன் எடுத்து வரவில்லை என்றேன். இன்றுவரைக்கும் அவர் அதற்காக என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை.

அதையாவது விடு. என் வாழ்க்கை, என் தலைவிதி என்று இருந்துவிடுவேன். அந்தக் கூட்டத்தை என்ன செய்வது? உல்லாசப் பயணிகளை ஏற்றும் கண்ணாடி அடிப் படகுகள் பவளத்தின் மேலேயே நங்கூரம் போடுகின்றன, அவற்றைக் கட்டுவதற்கு மிதவைகள் தாருங்கள் என்று நாம் வேலைசெய்த கடல் பாதுகாப்புக் கந்தோரில் கேட்டேன். பெரியவர் நம்முடைய படங்களையே திரையில் போட்டார். "உங்கட பவளம் நல்லாத்தானே இருக்கு, மிஸ்? பிறகு என்னத்துக்கு மிதவை?" நீ என் பக்கத்துக் கதிரையில் இருந்தாய். மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்தாய். நான் அதை ஆறுதல் என்று நினைத்தேன்.

எத்தனை நங்கூரம் விழுந்திருக்கும் அதற்குப் பிறகு! நீ எப்படியடி நித்திரை கொண்டாய்?

போன வாரம் தெற்கே போனேன். கந்தோரில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் கமராவைக் கொடுத்துவிட்டு நான் முதலில் இறங்கினேன். உன் பொய் ஏழுக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், உண்மையான ஏழு இருந்தது. பாசி மூடிய ஒரு மொட்டைக் கல். உன் பிரஷால் தேய்த்துத் தேய்த்து என் ஆணியைக் கண்டுபிடித்தேன். பழைய தகட்டை அதிலேயே திருப்பி மாட்டினேன். சட்டத்தை வைத்தேன். அந்தப் பிள்ளை என்னையும் கல்லையும் மாறிமாறிப் பார்த்தாள், பிறகு எடுத்தாள். கையிலிருந்த மற்றத் தகடுகளையும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் மாட்டினோம். ஒன்றும் உயிரோடில்லை.

கந்தோரில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உன் பெயரையும் மறைக்கவில்லை. "செத்த ஆளைப் பற்றி இப்பிடிக் கதைக்கலாமா, மிஸ்?" என்று பெரியவர் கேட்டார். முதல் வருடம், செத்த பவளத்தைத் தாண்டி நான் அழகானதைத் தேடி நீந்தியபோது நீ கேட்டதைத்தான் அவருக்குச் சொன்னேன்: "நாங்க என்ன கலியாண வீட்டு கமராக்காரரா, நல்ல மொகமா பாத்து எடுக்க?" மிதவைக்குத் திரும்பவும் எழுதிக் கேட்டிருக்கிறேன். கிடைக்குமோ தெரியாது.

கோபம் ஆறவில்லை. ஆறும் என்று நினைத்தும் எழுதவில்லை. உன் பிரஷ் இப்போது என் பையில் இருக்கிறது. நான் முதலில் இறங்குகிறேன், நானே தேய்க்கிறேன். நீ என்னைப் பிடித்துவைக்கத்தான் இதைச் செய்தாய் என்பது தகட்டைக் கையில் எடுத்த அன்றே விளங்கிவிட்டது. அதுதான் ஆறாமல் கிடக்கிறது. அன்றைக்கு ரயிலில், வெள்ளவத்தை வருவதற்கு முன்னம், "போகாதடி" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். செத்ததுகளைப் படமெடுக்கவும் நான் நின்றிருப்பேன்.