‘இந்தா’ என்று கூப்பிட்டதால் வந்த வினை

பீளமேடு,
21-2-1962

அன்புள்ள கண்ணு சாந்தாமணிக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் எருமையும் முருங்கை மரமும் சௌக்கியம். உன் அம்மாவும் சௌக்கியம்தான், ஆனால் அதை அவள் என்னிடம் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டி என் காதில் விழுந்தது. வடக்கே பிலாயில் குளிர் குறைந்து நீயும் மாப்பிள்ளையும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறீர்களா என்று எழுது. உடுமலைப்பேட்டையிலிருந்து உன் மாமன் கண்ணையா இதற்குள் உனக்கு ஒரு கார்டு போட்டிருப்பார். சினிமாவுக்குப் போன இடத்தில் நான் பெண்டாட்டியை விட்டுவிட்டு வேறு ஒருத்தியை அழைத்துக்கொண்டு நடந்தேன் என்று அதில் இருந்தால், அது நிஜம்தான். ஆனால் அவர் தேங்காய் மண்டிக்காரர், எதையும் நார் உரித்துத்தான் காட்டுவார், நார் என்னவென்று நான் சொல்கிறேன் கேள்.

எல்லாம் அந்தப் படத்தால் வந்தது. பதினைந்து நாளாக மில்லில் வேறு பேச்சே இல்லை. கதை இவ்வளவுதான். ரயில்வே ஆடிட்டர் ஒருவன் பெண்டாட்டியை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவள் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டி, கன்னத்தில் ஒரு மச்சத்தை வைத்துக்கொண்டு, அவன் கேம்ப் போடும் ஊரில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவளாகப் போய் நிற்கிறாள். அந்த மடையன் அவள் மேல் ஆசைப்பட்டுக் கல்யாணம் செய்துகொள்கிறேன் என்று காலில் விழுகிறான். நூல் கணக்குக் கோவிந்தராஜுலு இது சுத்தப் பொய், ஒரு மச்சத்தில் எவனாவது ஏமாறுவானா என்றான். நானும் அவன் கட்சிதான். ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு உன் அம்மாவோடு போனேன். அவள் பெண்கள் பக்கம், நான் ஆண்கள் பக்கம். ஒரு விஷயம் எனக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆடிட்டர் வழுக்கி விழுந்தபோது நாங்கள் சிரித்தோம், பெண்கள் பக்கம் சத்தமில்லை. அவன் சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து உனக்கு எந்த ஊர் என்று கேட்டபோது, அதில் என்ன சிரிப்பு என்று எங்களுக்கு விளங்கவில்லை, அந்தப் பக்கம் கொட்டகையே இடிந்துவிடும் போலச் சிரித்தார்கள்.

படம் விட்டதும் வாசலில் ஒரே கூட்டம். தீபாவளிக்கு மில் ஸ்டோரில் முந்நூறு சேலை எடுத்தோமே, கிளிப்பச்சையில் அரக்குக் கரை, அதைத் தேர்ந்தெடுத்த ஸ்டோர் கிளார்க் வேறு யாருமில்லை, உன் அப்பன்தான். அன்றைக்கு வாசல் முழுக்கக் கிளிப்பச்சை. நான் வழக்கம்போல ஒரு கிளிப்பச்சையைப் பார்த்து ‘இந்தா, வா’ என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தேன். நான் நாலடி முன்னால், அவள் பின்னால், இருபத்தாறு வருஷமாக அப்படித்தானே. பஸ் நிற்கும் இடம் வரைக்கும் திரும்பிப் பாராமல் படத்தை அலசிக்கொண்டே போனேன். கட்டினவளை அடையாளம் தெரியாதவனுக்கு ஆடிட்டர் உத்தியோகம் எவன் கொடுத்தான், அவனுக்குக் கண் முகத்தில் இருக்கிறதா முதுகில் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். பின்னாலிருந்து ம், ம் என்று பதில் வந்துகொண்டிருந்தது. பஸ் வந்ததும்தான் குரல் வந்தது. “ஏனுங்கண்ணா, கதை நல்லாத்தான் சொல்றீங்க. ஆனா உங்க ஊட்டுக்காரம்மா கொட்டாயிகிட்டயே நிக்கறாங்களாட்ட இருக்குதுங்க.” திரும்பிப் பார்த்தால் ஃபிட்டர் தேவதாஸின் சம்சாரம் கிருபாவதி. அவள் புருஷனுக்கு அன்றைக்கு ஷிப்ட்டாம், துணைக்குத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்து வந்திருக்கிறாள். போகிற போக்கில், அந்தப் பெண்டாட்டி இன்னும் நாலு ரீலுக்கு மச்சத்தைக் கழற்றாமல் அவனை அழவிட்டிருக்க வேண்டும் என்று அவள் அபிப்பிராயத்தையும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

ஓடினேன். டிக்கெட் ஜன்னல் ஓரத்தில் உன் அம்மா தனியாக நின்றிருந்தாள். நான் கிருபாவதிக்குப் படத்தை விளக்கிக்கொண்டு போனதை முழுக்கப் பார்த்திருக்கிறாள். கோபம் முற்றினால் அவள் வீட்டுத் தெலுங்கை விட்டுத் தமிழுக்கு மாறிவிடுவாள், உனக்குத் தெரியும். அன்றைக்குத் தமிழ்தான், அதுவும் கடைக்காரரிடம் பேசுகிற தமிழ். “அந்தப் படத்துல அவ வேசமே போடலீங்க. அவன் பார்த்ததே இல்லீங்க, அவ்வளவுதான். இந்தான்னு கூப்பிட்டா எவ வேணும்னாலும் வருவாளுங்க. எனக்குன்னு ஒரு பேரு இருக்குதுங்க. அதைச் சொல்லிக் கூப்பிட்டா நான் வாரேனுங்க.” மறுநாள் காலையில் உடுமலைப்பேட்டை பஸ் ஏறிவிட்டாள். கோவிந்தராஜுலுவிடம் யோசனை கேட்டேன், அவனுக்கும் அவன் சம்சாரம் பெயர் சட்டென்று வரவில்லை, ரேஷன் கார்டில் இருக்கும் என்றான்.

எனக்குப் பெயர் மறக்கவில்லை கண்ணு. வெங்கடலட்சுமி. என் அம்மாவுக்கும் அதே பெயர். மாமியார் பெயரை வைத்து மருமகளை அதட்டக்கூடாது என்று கல்யாணத்தன்றே பெரியவர்கள் அந்தப் பெயரை மூட்டை கட்டிவிட்டார்கள். அப்புறம் நீ பிறந்தாய், ஊருக்கு அவள் சாந்தா அம்மா, எனக்கு ‘இந்தா’. அம்மா போய்ப் பதினோரு வருஷமாகியும் அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும் என்று இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

மூன்று நாள் என் சமையலை நானே தின்ற பிறகு, வியாழக்கிழமை லீவு போட்டு உடுமலை போனேன். மண்டிக் களத்தில் பெண்கள் கொப்பரை புரட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் முதுகைக் காட்டிக் குனிந்திருந்தாள், இந்தத் தடவை சரியாகப் பார்த்துவிட்டுத்தான், வெங்கடலட்சுமி என்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். களத்தில் இருந்த அத்தனை பேரும் நிமிர்ந்தார்கள், அவள் மட்டும் திரும்பவில்லை. மச்சினன் வாசலில் மானம் போயிற்றே என்று எனக்கு ஆத்திரம். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். அப்போதும் கொப்பரையைப் புரட்டிக்கொண்டே இருந்தாள். உன் அத்தை பங்காரம்மா போய்த் தோளைத் தொட்டு, உங்களைத்தான் கூப்பிடுகிறார் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். தெலுங்கில்தான் சொன்னாள், செத்துப்போன உங்கள் அம்மாவைக் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள். பையை எடுத்துக்கொண்டு அவளாகத்தான் வந்தாள்.

வந்தாளே தவிர, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் ‘என்ன’ என்று கேட்கிறாள். களத்தில் கத்தின பெயர் வீட்டுக்குள் தொண்டையை விட்டு வரமாட்டேன் என்கிறது. இன்று காலை மூன்று தடவை வாயெடுத்தேன், பெயரும் வரவில்லை, காப்பியும் வரவில்லை. ஐம்பது வயதில் இப்படி ஒரு பாடம் யாருக்காவது உண்டா? வீட்டில் எனக்கு ஒரு வாய் காப்பிக்கு இந்தப் பாடு என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நீயும் மாப்பிள்ளையும் தீர்க்காயுளோடு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறக்காமல் ஒன்று செய். இனிமேல் கடிதத்தை அம்மாவுக்கே போடு. கவரின் மேல் சாந்தா அம்மா என்றோ, அரங்கசாமி சம்சாரம் என்றோ எழுதாமல் அவள் பெயரை முழுதாக எழுது. நம் தபால்காரர் வாசலில் நின்று உரக்கப் படிப்பவர். வாரத்துக்கு ஒன்று போட்டாயானால், அவர் பின்னாலேயே சொல்லிச் சொல்லி நான் பழகிக்கொள்வேன்.

இப்படிக்கு,
காப்பி இல்லாமல் ஆபீசுக்குக் கிளம்பும் உன் அப்பா,
தி. அரங்கசாமி