படிப்பை முடிக்காத குவாட்டர்பேக்

ஏப்ரல், கடைசி வியாழன்

அமெரிக்கக் கால்பந்து அணிகள் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில், பந்தெறியும் ஒரு கல்லூரிக் குவாட்டர்பேக்கை யாராவது எடுப்பார்களா என்று கூட்டாளியோடு போனில் கத்திக்கொண்டிருந்தேன்.

"ஆள் வடிவுதான் மச்சான். ஆனா படிப்பை முடிக்கேல்லை. நெருக்கினா பதறுறான். ஆர் எடுப்பினம்?"

அக்காவுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன் என்று குசினியில் சமைத்துக்கொண்டு நின்ற அம்மா நினைத்துவிட்டார். உடனே யூனியன்வில்லில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய்க்குப் போன் எடுத்து, "எங்களுக்குச் சரிவராது" என்றார். அக்கா அழத் தொடங்கினாள்.

நான் ஓடிப்போய் விளக்கினேன்.

"பந்தெறியிறவனோ? அறுவான்!" என்று அம்மா என்னைத் திட்டினார்.

அம்மா திரும்பவும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். அந்த அன்ரி ஸ்பீக்கரில் சிரித்தார்.

"அதுக்கென்ன. பொம்பிளையின்ர தம்பி என்ன படிக்கிறார்?"

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு ஆறு மாதம். அம்மாவும் அக்காவும் என்னையே பார்த்தார்கள்.

நெருக்கினால் நானும் பதறுகிறேன்.