பனிக்கட்டிக்கு அடியில் பொழுது சாய்ந்தது

ஞாயிறு, இரவு

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

ஒருநாள் அக்கா வீட்டில் சாப்பிடும்போது, நான் கற்பனை செய்திருந்த ஒரு கிருமியைப் பற்றி அத்தானிடம் சொன்னேன். வேறொரு கிரகத்தின் கடல், மேலே மைல் கணக்கில் பனிக்கட்டி, அதனடியில் மீன்களின் உடலுக்குள் புகுந்து வாழும் ஓர் ஒட்டுண்ணி. "நீ காலேஜ்ல கிருமிப் பாடம் நடத்துறவன். ஒனக்கு எதுக்குய்யா கதை?" என்று சிரித்தார். அடுத்த வருடமே அது அவர் பெயரில் நாவலாக வந்தது.

இன்று காரைக்குடியில் அதற்குப் பாராட்டுக் கூட்டம். பொழுது சாய்ந்ததும் கிருமி மீனுக்குள் நுழையும் இடத்தை அத்தான் உருகி உருகி வாசித்தார். அன்று நான் யோசிக்காமல் சொன்ன இடம் அது. அப்படியே எடுத்திருக்கிறார்.

முன் வரிசையிலிருந்த அக்காவே கேட்டுவிட்டாள். "ஏங்க, மேல அம்புட்டுப் பனிக்கட்டி மூடிக் கெடக்குன்னீக. பொழுது சாஞ்சது அதுக்கு எப்புடித் தெரியும்?"

மண்டபமே சிரித்தது. அத்தான் தண்ணீர் குடித்துவிட்டு என்னைத் தேடினார். "மாப்ள, நீயாவது சொல்லுய்யா."

"எழுதுனது நீங்கதானே அத்தான். எனக்கு என்ன தெரியும்?"

கூட்டம் முடிந்து தந்த ஆறிப்போன காபிகூட ருசித்தது.

என் கிருமிக்குப் பொழுது வேண்டாம். கடலடி வெந்நீர் ஊற்றருகே மீன்கள் முட்டையிட வரும்போது, அந்தச் சூட்டை உணர்ந்து அது புகும். வீட்டுக்கு வந்ததும் கதையாக எழுதி முடித்துவிட்டேன். நாளை பத்திரிகைக்கு அனுப்புவேன். பெயர் போட்டால் குடும்பச் சண்டை என்பார்கள், அக்கா அழுவாள். பெயர் போடப்போவதில்லை. எழுதியது யாரென்று அத்தான் ஒருவருக்குப் புரிந்தால் போதும்.