மாலை போட எட்டாத கை

அன்புள்ள நேசா, என் மச்சான்,

போன ஞாயிறு பாரிசுக்குப் பக்கத்து எபினேயில், உன் வீட்டில், உனக்கு ஆட்டைத் திவசம் நடந்தது. நீ போய் ஒரு வருடமாகிவிட்டது என்று அன்றுதான் உறைத்தது. உன் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து சோறு, கறி, வடை எல்லாம் படைத்திருந்தார்கள். நடுவில் ஒரு விஸ்கிப் போத்தல். பக்கத்தில் ஒரு சிகரெட் பெட்டி.

செத்தவருக்கு விருப்பமானதைப் படைப்பது நம் வழக்கம்தான். ஆனால் நீ அந்த இரண்டையும் விட்டு எவ்வளவு காலம்! பிறகு நீ குடித்ததெல்லாம் பாலும் சீனியும் இல்லாத பிளேன்ரீதானே. கொண்டுவந்து வைத்தவன் ரவி. நீ பாரிசுக்கு வந்த புதிதில் உன்னோடு ஒரே அறையில் இருந்தானே, அவன்தான். "நேசன் குடிச்ச குடிக்கு உது காணாது" என்று பெருமை வேறு. அந்தப் பழைய நேசனை மட்டும்தான் அவனுக்குத் தெரியும். பிறகு அந்தப் போத்தலை யார் குடித்து முடித்தார்கள் என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டுமா?

எனக்குத் தெரிந்த நேசன் வேறு. லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், நாம் சமைத்த சாப்பாட்டுக்கடையின் நிலவறைக் குசினிக்குள் காற்றே வராது. அதற்குள் இறங்க முன்னம் பக்கத்துப் பூங்காவில் நின்று கைகளை மெல்ல மேலே தூக்கி மூச்சை இழுப்போம். இறக்கும்போது விடுவோம். நான் அவசரப்பட்டால், "நோகிற இடத்துக்கு முன்னாலை நில்லு மச்சான், மிச்சத்தை நாளைக்குப் பாப்பம்" என்பாய். மரக்கறிப் பைகளோடு போகிற நம் சனம் நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போகும். நீ அவர்களுக்கும் சேர்த்துக் கையைத் தூக்குவாய்.

நீ போனபிறகு ஒருநாள் தனியே போய் நின்று பார்த்தேன். வெட்கமாக இருந்தது, வந்துவிட்டேன். உன் இடத்துக்கு ஆள் எடுக்காமல் முதலாளி உன் வேலையையும் என் தலையில் கட்டினான். வீடும் தூரத்து வில்லியே லே பெல்லுக்கு மாறியது. பஸ், ரயில், அடுப்பு, பிறகு திரும்ப ரயில், பஸ். இப்போது என் வலது கை தோளுக்கு மேலே போகாது. சப்பாத்து நாடா கட்டக் குனிந்தால் மூச்சு வாங்குகிறது. குளியலறைக் கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் படத்தைச் சுவரில் உயரமாக மாட்டியிருக்கிறார்கள். மாலையை என் கையில் தந்தார்கள். ஸ்டூலில் ஏறியும் என் கை எட்டவில்லை. ரவி வாங்கிப் போட்டான்.

சாப்பாட்டு மேசையில் அவன் ரோல்ஸைக் கடித்தபடி சொன்னான்: "உந்த மூச்சுப் பயிற்சி செய்தவன்தான் முதல் போனவன். ஒண்டும் செய்யாத நாங்கள் கல்லுப்போலை இருக்கிறம்." எல்லோரும் சிரித்தார்கள். உன் வீட்டில், உன் படத்துக்கு முன்னால், உன் திவசச் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு! பக்கத்திலிருந்தவர் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, மெலிவதற்கு ஏதோ மா விற்கிறாராம், விளம்பர அட்டை ஒன்றை என் சட்டைப்பையில் செருகினார். "அண்ணை, வேர்க்கவே தேவையில்லை." சீ, என்ன பிறவிகள்!

ஆனால் எனக்கு மிக அருவருத்தது எது தெரியுமா? நேசனையே காப்பாற்றாதது என்னை எங்கே காப்பாற்றப்போகிறது என்று நானும் உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அதை அவன் வாயால் கேட்டபோதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. சாகாமல் இருக்கவா நீ கையைத் தூக்கினாய்? குசினிக்குள் இறங்க முன்னம் கொஞ்ச நேரம் மனிதனாக நிற்கத்தானே?

பாதியில் எழுந்து கை கழுவப் போனேன். உன் மனுசி, என் தங்கச்சி மங்கை அங்கே பாத்திரம் தேய்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, இப்ப பூங்காவுக்குப் போறேல்லையோ?"

"இல்லைத் தங்கச்சி. விட்டுப்போச்சு."

"என்னையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு போங்கோ. அவர் கூப்பிடேக்கை சிரிச்சனான். இப்ப காலமை கட்டிலாலை எழும்பவே ஏலாமல் கிடக்கு."

நேற்றுக் காலை லா சப்பல் பூங்காவுக்கு வந்தாள். தடித்த கோட்டைக் கழற்றவில்லை. அவள் கை நெஞ்சு வரை போனது, என் கை தோள் வரை. அங்கேயே நிறுத்திவிட்டோம்.

"அவர் காலமை காலமை செய்தது இவ்வளவுதானோ?"

"ஓம், இவ்வளவுதான்."

அவள் அழுதாள். அந்த நேரம் பார்த்து முருங்கைக்காய்ப் பையோடு போன இரண்டு பேர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கேட்கப் போனவனை மங்கை நிறுத்தினாள். "விடுங்கோ அண்ணை. நானும் அப்பிடிச் சிரிச்சனான்தானே." கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் கையைத் தூக்கினாள். இனி நாங்கள் போவோம் மச்சான். ஒருநாள் தவறினால் அடுத்த நாள் போவோம்.

அடுத்த திவசத்துக்கு உன் இலையில் சீனியில்லாத பிளேன்ரீதான் இருக்கும். போத்தலோடு வருகிறவன் வாசலோடு திரும்புவான். நோகிற இடத்துக்கு முன்னால் நின்று நின்று, அதற்குள் இந்தக் கையை உன் படம் வரைக்கும் கொண்டுவருவேன். அன்றைக்கு மாலையை உனக்கு நான்தான் போடுவேன்.

உன் மச்சான்,
மங்கையின் அண்ணன்,
குகன்