கூடுதலாக இரண்டு தட்டு

மே 4

அன்புள்ள ஐஸுக்கட்டிக்கு,

இந்தப் பெயரைச் சொல்லி உன்னைக் கூப்பிட எனக்கு இன்னும் உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. உன் நிஜப் பெயரை எழுதிப் பார்த்தேன். ஏதோ நோட்டீஸ் அனுப்புகிற மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். நலமா? உன் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன் பண்ணலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். உன் குரலைக் கேட்டதும் நான் அழ ஆரம்பித்துவிடுவேன், நீயும் "யாருங்க, யாருங்க" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

இங்கே எல்லாம் அப்படியேதான் இருக்கிறது. அதே மூன்றாம் மாடி, அதே தையல் மெஷின். பள்ளிக்கூடம் திறக்கப் போகிறார்கள், கட்டில் முழுக்க யூனிஃபார்ம் குவிந்து கிடக்கிறது. என் மகன் புதுக் குடித்தனத்தோடு ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறான். மாதத்துக்கு ஒரு முறை இரண்டு பேரும் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு ஜாம் பிஸ்கட் சுடலாம் என்று இறங்கினேன். நீ போன இந்த மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. எட்டு வருஷம் நாம் சேர்ந்து சுட்டோம். ஜாம் கிண்டுவது நான், மாவு உன் பொறுப்பு. பக்கத்தில் நின்று பார்த்ததை வைத்தே எனக்கும் வந்துவிடும் என்று தைரியம். சிரிக்காமல் கேள். என் கைச் சூட்டில் வெண்ணெய் உருகி, மாவு சுவரொட்டிப் பசை மாதிரி ஆகிவிட்டது. விடாப்பிடியாகச் சுட்டு எடுத்தேன். கீழ்வீட்டு டிரைவருக்கு நாலு கொடுத்தேன். "அக்கா, இத ஊறவச்சுத் திங்கணுமா, சுத்தியல் வச்சுத் திங்கணுமா?" என்கிறார். கொழுப்பு!

உன் கை எப்போதும் சில்லென்று இருக்கும். நீ வந்த புதிதில் உன் கையைத் தொட்டுவிட்டு "அடிப்பாவி, ஐஸுக்கட்டி!" என்று நான் அலறியது நினைவிருக்கிறதா? அந்தக் கைதான் அந்த மாவுக்கு லாயக்கு.

பக்குவத்தை எழுதி அனுப்புவாயா? அளவெல்லாம் எனக்குத் தெரியும். பதில் போடாவிட்டாலும் நான் வருத்தப்பட மாட்டேன். பொய் சொல்கிறேன். வருத்தப்படுவேன்.

என்றும் உன்,
அத்தை


மே 13

அத்தைக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நலம்.

வெண்ணெயை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உடனே கத்தியால் சின்னச் சின்னதாக நறுக்கிவிடுங்கள். உள்ளங்கை படவே கூடாது, விரல் நுனியால் மாவோடு சேர்த்து உதிர்த்துவிட வேண்டும். கை சுடுவது தெரிந்தால் ஐஸ் தண்ணீரில் வைத்துத் துடைத்துக்கொண்டு வாருங்கள். பாதாம் பொடியும் சர்க்கரைத் தூளும் மஞ்சள் கருவும் சேர்த்த பிறகு பிசையாதீர்கள், அழுத்தி ஒன்றுசேர்த்தால் போதும். நீங்கள் போர்வை துவைக்கிற மாதிரி கசக்கியிருப்பீர்கள், எனக்குத் தெரியும்.

ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். பிறகு இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து மெல்லிசாகத் தேய்த்து வட்டமாக வெட்டுங்கள். பாதி வட்டங்களுக்கு மட்டும் இருமல் மருந்து மூடியால் நடுவில் ஓட்டை. ஓட்டை போட்டது மேலே வரும், போடாதது கீழே. ஓரம் லேசாக நிறம் மாறும்போதே எடுத்துவிட வேண்டும். ஜாம் வைப்பது எல்லாம் ஆறிய பிறகுதான்.

டப்பாவில் மூடி வைத்து இரண்டு நாள் தொடாதீர்கள். ஜாமின் ஈரம் இறங்கினால்தான் மெத்தென்று ஆகும். அன்றைக்கே தின்றால் கடினமாகத்தான் இருக்கும். உங்களுக்குப் பொறுமை கிடையாது.

எனக்கு இங்கே வேலை அதிகம்.

இப்படிக்கு,
உங்கள் பழைய மருமகள்


மே 19

அன்புள்ள ஐஸுக்கட்டிக்கு,

பழைய துணி தெரியும், பழைய பேப்பர் தெரியும். பழைய மருமகள் என்று ஒரு சாமானை நான் பார்த்ததே இல்லை. இனிமேல் அப்படிக் கையெழுத்துப் போட்டால் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன், ஜாக்கிரதை.

திட்டிக்கொண்டேயாவது இவ்வளவு எழுதினாயே, அதுவே போதும். நீ சொன்னபடி ஐஸ் தண்ணீரில் கையை முக்கி முக்கி எடுத்தேன், விரல் மரத்துப்போய் அன்று சாயங்காலம் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆனால் மாவு வந்துவிட்டது! ஒரே ஒரு கோளாறு. அடித்துண்டு இருபத்தாறு, மேல்துண்டு பத்தொன்பது. எண்ணாமல் வெட்டிவிட்டேன். ஏழு பேர் மொட்டைத் தலையோடு தட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அன்றைக்கே தின்று தீர்த்தேன், நீ அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மீதியை இரண்டு நாள் பொறுத்துத் திறந்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் உன் கை அதில் இல்லை. அவனோடு உனக்கு ஒத்துவரவில்லை, சரி. என்னோடு என்ன சண்டை உனக்கு? ஒரு ஞாயிறு வந்துவிட்டுப் போயேன் அம்மாடி. அவன் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன். காலையில் வா, இரண்டு தட்டு சுடுவோம், சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுகிறேன்.

ஆசையோடு,
அத்தை


ஜூன் 2

அன்புள்ள அத்தை,

உங்கள் மொட்டைத் தலைகளைப் படித்துவிட்டு வேலை நேரத்தில் சிரித்துவிட்டேன். நான் வேலை செய்வது பல் செட் செய்கிற கூடம் என்பது மறந்துவிட்டதா? கையில் ஒரு பெரியவரின் கீழ்வரிசை இருந்தது. அவர் பல்லைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று முதலாளி முறைத்தார். மெழுகை உருட்டி, மட்டம் பார்த்து, வெட்டுகிறேன். இங்கேயும் மேல்வரிசை கீழ்வரிசைதான், எண்ணிக்கை மட்டும் தப்பவே கூடாது.

என்னோடு என்ன சண்டை என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு சண்டையும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். அவருடைய விஷயம் வெளியே வந்த பிறகு யாரைக் கேட்டாலும் "எங்களுக்கு அப்பவே தெரியும்" என்றார்கள். அவருடைய ஆபீஸ்காரர்கள், எதிர்வீட்டு டீச்சர், பால் போடுகிறவர்கூட. ஊருக்கே தெரிந்திருந்தது, என்னையும் உங்களையும் தவிர. நாம் இரண்டு பேரும் மாவும் கையுமாக அடுப்படியில் நின்று சிரித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அதை நினைத்தால் எனக்காக மட்டுமில்லை, உங்களுக்காகவும் வயிறு எரியும். பெற்ற பிள்ளையே ஏமாற்றினால் அது எப்படி இருந்திருக்கும்! அப்போது உங்கள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல்தான் விலகிப்போனேன். மூன்று வருஷம் ஓடிவிட்டது. தப்பு என் மேல்.

ஜூன் 21 ஞாயிறு, காலை முதல் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். "எதுக்குடி திரும்ப அந்த வீட்டு வாசல மிதிக்கிற?" என்று அம்மா சத்தம் போட்டாள். "அது அவர் வீடில்லம்மா, அத்தை வீடு" என்றேன்.

ஜாம் மட்டும் கிண்டி வையுங்கள். மாவைத் தொடாதீர்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஐஸுக்கட்டி


ஜூன் 8

என் ஐஸுக்கட்டிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷத்தில் முழுக்கப் படித்தேன். மற்ற மூன்று தடவையும் ஒரு வரியைத் தாண்ட முடியவில்லை. "என்னையும் உங்களையும் தவிர."

நேற்று அவனும் அவனுடைய புதுப் பெண்டாட்டியும் வந்திருந்தார்கள். நீ வருவதற்குள் கை பழகட்டும் என்று சுட்ட பிஸ்கட் மேஜையில் இருந்தது. அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அத்தை, இது அந்த நீல டப்பா பிஸ்கட்தானே! அன்னைக்கு அது மட்டும் வரலேன்னா நான் இவருக்குச் சரின்னே சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். ஏன் என்று கேட்டேன். வெள்ளையாகச் சொல்லிவிட்டாள், பாவம். கல்யாணமான ஆள் என்று தெரிந்ததும் இனி பார்க்க வராதே என்று அவனிடம் சொல்லிவிட்டாளாம். "அந்த வாரந்தான் நீங்க டப்பா குடுத்தனுப்பினீங்க. பெத்த அம்மாவே குடுத்தனுப்பறாங்கன்னா, அந்த வீட்டுல நெஜமாவே ஒண்ணும் மிச்சமில்லன்னு நெனச்சேன்." என் மகன் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

உனக்கு விளங்கியிருக்கும். ஆனாலும் நான் என் கையால் எழுத வேண்டும். எனக்குத் தெரியும், அம்மாடி. உனக்குத் தெரிவதற்கு ஏழு மாதம் முன்பே அவன் என்னிடம் சொல்லிவிட்டான். "ஒரு தடவையாவது அவளுக்கு ஏதாவது குடுத்தனுப்பு. இல்லேன்னா நான் போனவன் போனவன்தான்" என்றான். ஒரே பிள்ளை. பயந்துவிட்டேன். இரண்டு பக்கத்தையும் விடாமல் பிடித்துக்கொண்டால் கொஞ்ச நாளில் மோகம் தீர்ந்து உன்னிடமே வந்துவிடுவான் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு கூடுதலாக இரண்டு தட்டு போடச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டாய். எதிர்வீட்டு டீச்சருக்கு என்றேன். உடையாதது, ஓரம் சிவக்காதது என்று நீயே ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். அந்த நீல டப்பாவில் அடுக்குக்கு அடுக்கு பட்டர் பேப்பர் வைத்தாய். "டீச்சருக்குப் பிடிச்சுதான்னு கேட்டுச் சொல்லுங்க அத்தை" என்றாய். இரண்டு நாள் கழித்து, ரொம்பப் பிடித்ததாம் என்று சொன்னேன்.

இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். நீ வந்து பக்கத்தில் நின்று, நாம ரெண்டு பேரும் ஏமாந்தோம் என்று பேசுவாய். அதைக் கேட்டுக்கொண்டு என்னால் ஜாம் கிண்ட முடியாது. என்னைத் திட்டு. உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து திட்டு. ஆனால் வா.

அத்தை


ஜூன் 16

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஒரு மேல்வரிசையில் பற்களை இடம் வலம் மாற்றிப் பொருத்திவிட்டேன். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அந்த ஞாயிறு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உடைந்ததையும் ஓரம் சிவந்ததையும் நாம் இரண்டு பேரும் டீயில் தோய்த்துத் தின்றோம். அவருக்கும் ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்லதெல்லாம் டப்பாவில் இருந்தது.

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த டப்பா எனக்கு வந்திருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அவர் செய்ததை நான் எப்போதோ செரித்துவிட்டேன். கோர்ட் வராந்தாவில் நீங்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்களே, அதை வைத்துத்தான் செரித்தேன். பெஞ்சில் இருந்தவர்கள் உங்களை என் அம்மா என்று நினைத்தார்கள். அந்த வீட்டில் ஒருத்தராவது எனக்காக அழுதார் என்று மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் எதற்காக அழுதீர்கள் என்று இப்போது தெரிந்துவிட்டது.

சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருப்பேன். சுட்டிருப்போம், சிரித்திருப்போம். சொன்னதுதான் சரி என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் என்னால் வர முடியாது. டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். இனிமேல் எழுதாதீர்கள். எழுதினால் பிரிக்காமல் வைக்கிற கல்மனசு எனக்கு இல்லை. படித்துவிடுவேன், பதிலும் போட்டுவிடுவேன். அது வேண்டாம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் உங்களைச் சபிப்பாள், அதையும் என்னால் கேட்க முடியாது. அங்கே இருந்த எட்டு வருஷமும், பல் வலியிலிருந்து வயிற்றில் பிள்ளை தங்காமல் போன நாள் வரைக்கும், எது வலித்தாலும் நேராக உங்களிடம்தான் வந்து உட்காருவேன். நீங்கள் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, "சொல்லு" என்பீர்கள்.

இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன், அத்தை?