கருப்பு நாடா

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வீக்கம் வடிந்ததா? நான் சுகமாகவே இருக்கிறேன்.

தொப்பிக் கடையில் சென்ற வாரம் ஒரு வேடிக்கை. கணவரை இழந்த ஒரு பெண்மணி, அடக்கத்துக்கு அணிய அகல விளிம்புள்ள வைக்கோல் தொப்பி கேட்டிருந்தார். கருப்பு நாடாவைச் சுற்றி, தையல் வெளியே தெரியாமல் நானே பூ முடிச்சு வைத்தேன். வாங்கிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார்.

"இந்த நாடா நீலமா இருக்கும்மா," என்றார்.

"கருப்புதான். கான்வென்ட்ல தையல் படிச்சவ நான். என் வீட்டுக்காரரையும் அடக்கம் பண்ணியாச்சு. எனக்கா கருப்பு தெரியாது?" என்றேன்.

முதலாளியம்மா தொப்பியை வெயிலில் பிடித்தாள். "கருநீலம், பாட்டி," என்றாள். அதுவரை 'மேடம்' என்றுதான் கூப்பிடுவாள். எனக்கு வெயிலிலும் அது கருப்பாகத்தான் இருந்தது.

ஊசியை வாங்கிக்கொண்டாள். இப்போது எனக்குப் பின்னறையில், வடிவம் கெடாமலிருக்கத் தொப்பிக்குள் காகிதம் திணிக்கும் வேலை. விரலுக்கு ஓய்வு. பேசத்தான் ஆளில்லை.

நல்ல கருப்பு நாடா இரண்டு சுருள் வாங்கி, நுனியில் முடிச்சுப் போட்டு அனுப்புங்கள். ஊசியைத் திரும்பக் கேட்கப் போகிறேன். முடிச்சைத் தொட்டே எடுத்துக்கொள்வேன், யாரிடமும் நிறம் கேட்டு நிற்க மாட்டேன். என் மகனிடம் சொல்லிவிடாதீர்கள். "போதும்மா, வந்து உக்காரு" என்பான்.

பதிலைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பள்ளியிலிருந்தே உங்கள் எழுத்து எறும்பு ஊர்ந்தது போலத்தானே? சென்ற கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. இன்னும் பாதிதான் படித்திருக்கிறேன்.

கடை திறக்கிறார்கள், வருகிறேன்.

உங்கள் தங்கை