எயினி பிடித்த கயிறு

நீர் நிறைக, நிலம் விளைக, மடைகாப்போர் பிழையாதிருக்க. பெருமடை நாட்டு வேந்தரின் ஆணை தாங்கும் நீர்வாரிய அமைச்சன் சாத்தன் ஏகவீரன், கருங்குன்றம் ஆளும் நள்ளிமாறருக்கு வணங்கி விடுக்கும் ஓலை. தங்கள் குன்றில் மழை தவறாதிருக்க. தங்கள் குடிகளின் உலை ஆறாதிருக்க. தங்கள் மகள் எயினி உயிரோடிருக்கிறாள். தந்தை நெஞ்சு முதலில் அதையே தேடும் என்பதால் முதலில் எழுதினோம். இனி எழுதுவன நற்செய்தி அல்ல.

எங்கள் பேரேரியில் பணி பழகி மீண்டு, கருங்குன்றத்திலும் ஓர் ஏரி காப்பாள் என்று அவளை அனுப்பினீர்கள். பட்டாடைகளும், நீரின் பெருமை பேசும் பாடல்களும், மூத்தோர் முன் அறியேன் என்னாத குலவழக்கமும் அவளோடு வந்தன. எதைக் கேட்டாலும் என் மகள் தெரியாதென்று சொல்லாள் என்று தங்கள் ஓலையும் பெருமிதம் கொண்டது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, மன்னரே!

வெள்ளம் ஏறிய அன்று, நீருக்கடியிலுள்ள மடையைத் திறக்க, மடைத்தலைவன் பொறையன் தன் இடையில் கயிறு கட்டி மூழ்க நின்றான்; கயிற்றின் மறுமுனை கரையில் எயினி கையில் இருந்தது. நீண்ட இழுப்பு வந்தால் கயிற்றைத் தளர்த்த வேண்டும். வெட்டி வெட்டி இழுத்தால் அவனைத் தூக்க வேண்டும். கரையில் கயிறு பிடிப்பவர் இதைத் தம் வாயால் திருப்பிச் சொன்ன பின்னரே மடைகாரர் நீரில் இறங்குவர். பொறையன் விரைந்து கூறி, விளங்கிற்றா என வினவினான். எயினிக்குப் பாதி விளங்கவில்லை. மறுபடி கேட்டால் தந்தைக்கு இழுக்கு என்று அஞ்சித் தலையசைத்தாள். மன்னர் மகளிடம் திருப்பிச் சொல் என்பதற்கு அவனும் கூசினான், கூசியவாறே மூழ்கினான்.

கயிறு வெட்டி வெட்டி இழுத்தது. தூக்குவதா, தளர்த்துவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கூப்பிடு தொலைவில் ஆட்கள் நின்றும் அவள் வாய் திறக்கவில்லை. தளர்த்தினாள். அதன்பின் கயிறு அசையவில்லை.

தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற ஆளு பிடிச்சிருப்பாங்களே என்று பொறையன் மனைவி நீலி அவையில் கதறினாள். மடைச்சட்டம் உயிருக்கு உயிர் கேட்கும். ஆயினும் திருப்பிச் சொல்லும் வழக்கம் எங்கள் பக்கத்திலும் வழுவியதால், வேந்தர் அவளுக்கு உயிர்ப்பிச்சை அளித்தார். வெள்ளச் செய்தி கேட்டு, மகளைத் திருப்பி அனுப்புமாறு தாங்கள் விடுத்த வேண்டுகோள் ஏற்கப்படவில்லை. நீலியின் மகன் மடையேற்கும் வயது எய்தும்வரை எயினி எங்கள் கரையில் மண் சுமப்பாள்.

அடுத்துப் பணி பழக வருவோரைப் பட்டின்றி அனுப்புக. கேட்டதைத் திருப்பிச் சொல்லவும், விளங்காததை விளங்கவில்லை என்று உரைக்கவும் அங்கேயே பழக்குக. வேலை வாங்குவோர் உங்கள் பிள்ளைகளிடம் முதலில் வேண்டுவது அதுவே. பாடல் பிறகு ஆகட்டும். எவர் மகளாயினும் திருப்பிச் சொல்லாதவர் கையில் கயிறு கொடுக்கும் எங்கள் அதிகாரியும் பதவி இழப்பான்.

ஓலை சுருட்டுமுன், தந்தைக்குச் சொல்வதற்கு ஏதேனும் உண்டா என எயினியைக் கேட்டோம். மண்கூடையை இறக்கி வைத்தாள். பிறகு, அறியேன் என்றாள்.

அவள் சொன்னபடியே எழுதி, மடைமுத்திரை ஒற்றி விடுத்தோம். இது வேந்தர் வாய்மொழி, மறுமொழி வேண்டா.